ஏழாவது அம்பு

எங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டும் பாப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இருக்கிற பிளாஸ்டிக் பைக்குள், இரண்டு பக்க ஜெராக்ஸ் காகிதம் ஒன்று இருக்கிறது. மடித்த இடம் கிழியப் பார்க்கிறது. அதன் மேல் அங்கங்கே, சுண்டுவிரல் நகம் அளவில், சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். மொத்தம் ஆறு. இரண்டாம் பக்கத்தின் அடியில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஏழாவதாக ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் பசை காய்ந்த தடம் மட்டும்தான். போன வாரம் பாப்பாவைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் கை தானாகப் போய் இந்தப் பழைய காகிதத்தைத்தான் எடுத்தது. அந்த அம்புகளை ஒட்டியவர் செக்கிங் அக்கா.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். நான் அதில் தையல் போடுகிறவள். நாங்கள் தைத்ததெல்லாம் லைனின் கடைசியில் இருக்கும் செக்கிங் டேபிளுக்குப் போகும். அங்கே இரண்டு டியூப்லைட்டுக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருப்பார். ஒவ்வொரு அப்பரையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண் பார்த்த இடத்தைக் கட்டைவிரலாலும் ஒருமுறை தடவிப் பார்த்து, தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டுவார். அம்பின் முனை தப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கூடவே சீட்டில் காரணம் எழுதுவார்: தையல் விட்டது, ஓரம் கூடியது, தோலில் கீறல். காரணம் எழுதாமல் ஒரு பீஸைக்கூட அவர் திருப்பி அனுப்பியதில்லை. சரிசெய்து எடுத்துக்கொண்டு போனால், தானே நகத்தால் அம்பை உரித்து, அந்த இடத்தை இன்னொரு முறை தடவி, நல்ல டப்பாவில் போடுவார். நாங்கள் அவசரத்துக்கு அம்பை உரித்துவிட்டுக் கொண்டுபோய்விட்டால் அன்றைக்குத் தொலைந்தோம். ஒட்டின கைதான் உரிக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

அவரை எங்களுக்குப் பிடிக்காது. அவர் காதில் விழாதபோது அம்புக்காரி என்போம். "இன்னாடி இது, நேர்த்தையலா? ஆம்பூர்லர்ந்து வாணியம்பாடி போறதுக்குக் குடியாத்தம் சுத்திக்கினு போற மாதிரி இருக்குது!" என்று அவர் போடுகிற சத்தத்தில் மொத்த லைனும் சிரிக்கும்; மாட்டினவள் மட்டும் சிரிக்க மாட்டாள். சூப்பர்வைசர்களுக்கும் அவரைக் கண்டால் ஆகாது. ஒருமுறை லோடு கிளம்ப வேண்டிய நேரம். ஒரு டப்பா நிறைய அம்பு ஒட்டி வைத்திருந்தார். சூப்பர்வைசர் வந்து, "சின்னத் தப்புதானேம்மா, விடுங்க" என்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "விட்டுட்றேன் சார். நீங்க விடச் சொன்னீங்கன்னு இந்தச் சீட்டுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க, எல்லா அம்பையும் எடுத்துட்றேன்" என்றார். சூப்பர்வைசர் பேனாவைப் பையிலிருந்து எடுத்தவர், திரும்பப் பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் அதை அகம்பாவம் என்று நினைத்தோம்.

நான் அவருக்கு நேர் எதிர். பயந்த சுபாவம். காஸை மூடினேனா என்று கம்பெனி பஸ் ஏறிய பிறகு நினைப்பு வந்தால் அன்றைக்கு முழுவதும் தையல் நேராக வராது. எட்டாவதோடு பள்ளியை விட்டு நின்றவள் என்பதால் காகிதம் என்றாலே ஒரு நடுக்கம். அதிலும் சீல் வைத்த காகிதம் என்றால், அதில் நல்லதே எழுதியிருந்தாலும் என் கண்ணுக்குக் கெட்டதாகத்தான் தெரியும். அதனால் படிப்பதில்லை. யாராவது விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுவிடுவேன். கம்பெனியிலும் அதுதான் பழக்கம். சாயங்காலம் லைன் ஷீட் கைமாறி வரும். வெளியே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு எத்தனை பீஸ் என்று எங்கள் பேருக்கு நேரே போட்டிருப்பதைக்கூடப் பார்க்காமல் எல்லாரும் கிறுக்கிவிட்டு ஓடுவோம். அந்தப் பழக்கம்தான் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே தள்ளப் பார்த்தது.

பாப்பா பிறந்தபோது அழவில்லை. அழ வைக்க நேரமானதில் மூளையில் பாதிப்பு வந்துவிட்டது என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்துகிற மாதிரி மெதுவாக மேலே வரும். காத்திருந்தால் வரும், காத்திருக்காதவர்களுக்கு வராது. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது முடித்தாள். வாரத்தில் இரண்டு நாள் சிறப்பு டீச்சர் ஒருவர் வந்து அவளுக்கென்று உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். என் அம்மா அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவார். நான் நிம்மதியாக இருந்த காலம் என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

மூன்றாவது தொடங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் பாப்பாவுக்கு ஃபிட்ஸ் மாத்திரையை மாற்றியிருந்தார்கள். முகாம் முழுவதும் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீளமான வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு முறை அவள் பேரைக் கூப்பிட்டார், காலைத் தட்டிப் பார்த்தார், எழுதினார், காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி விரல் வைத்தார். நான் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் வந்தது. பாப்பாவால் பள்ளிக்கு வர முடியாதாம். அதனால் வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுக்கும் பட்டியலில் அவள் பேரைச் சேர்த்திருக்கிறார்களாம். வாரத்துக்கு ஒருநாள் ஒருவர் வீட்டுக்கு வருவாராம். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. "உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்தானம்மா" என்றார். வீட்டில் என் கணவரும், "கவர்மெண்டே சொல்லிடுச்சு. நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். எனக்கே ஒரு நேரம், அவர்களுக்குத் தெரியாதா, படித்தவர்கள் ஆயிற்றே என்றுதான் தோன்றியது.

பள்ளி திறந்த அன்று எனக்கு மனசு கேட்காமல் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீட்டுக்கே கேட்கும். பாப்பா பையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மணி அடித்து, பாட்டு முடிந்து, கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. வகுப்பில் பேர் கூப்பிடுகிற நேரம். அவள் தன் முறை எப்போது வரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில், தெருவைப் பார்த்துக்கொண்டே, "உள்… ளேன்… ஐயா" என்றாள். நான் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் கம்பெனியில் ஒரு மணி நேரத்துக்குள் என் பீஸ்களில் பதினோரு அம்பு. அக்கா டேபிளை விட்டு என் மெஷினுக்கே வந்துவிட்டார். "இன்னாடி, கண்ண மூடிக்கினு தைக்கிறியா?" என்றார். நான் அழ ஆரம்பித்ததில் அவருக்குச் சங்கடம் ஆகிவிட்டது போலிருக்கிறது. திரும்பிப் போய்விட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும், "வா இங்க" என்று டேபிளுக்குக் கூப்பிட்டார். நான், "எம் பொண்ண ரிஜெக்ட் பண்ணிட்டாங்கக்கா" என்றேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "காரணம் இன்னா போட்ருக்கான்?"

"காரணமா?"

"நான் ஒரு பீஸ திருப்பினா காரணம் எழுதறேன் இல்ல? அறுபது ரூபா தோலுக்கே எழுதணும்னா, ஒரு கொழந்தைக்கு எழுத வேணாமா? பேப்பர எடுத்தா."

என்னிடம் பேப்பர் இல்லை. கேட்டால் கொடுப்பார்களா என்றும் தெரியவில்லை. "உம் பொண்ணப் பத்தின பேப்பரு. போய் ஜெராக்ஸ் கேளு. குடுக்க மாட்டேன்னா, குடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். என்ன பேசுவது என்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அவர் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்கா இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்றார்.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. டியூப்லைட்டுக்குக் கீழே அந்த இரண்டு பக்கத்தையும் விரித்து, அப்பரைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பத்தாவது வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்து, நிறுத்தி, என்னைக் கேட்டார். "பாப்பாவுக்கு வயசு இன்னா?" எட்டு என்றேன். ஆறு என்று இருந்தது. அம்பு. "இஸ்கோலுக்குப் போனாளா?" இரண்டு வருஷமாகப் போகிறாள் என்றேன். பள்ளி செல்லாத குழந்தை என்று இருந்தது. அம்பு. பென்சில் பிடிக்க இயலாது என்று இருந்த இடத்தில், அவளுடைய இரண்டாம் வகுப்பு நோட்டை நாளைக்கு எடுத்துவரச் சொல்லிவிட்டு ஒட்டினார். பெயர் சொல்லி அழைத்தால் பதில் இல்லை என்று இருந்த இடத்தில் ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்தாள் அக்கா என்றேன். அம்பு. வகுப்பாசிரியர் கருத்து என்ற கட்டம் காலி. பெற்றோர் கருத்து என்ற கட்டம் காலி. அவற்றுக்கும் ஒட்டினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வர ஆரம்பித்தது. அப்போது காகிதத்தைத் திருப்பி, அடியில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். மேலே உள்ளதைப் படித்துப் பார்த்தேன், வீட்டிலேயே பயிற்சி பெற முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. அக்கா ஏழாவது அம்பை எடுத்து, முனை என் பேரைத் தொடுகிற மாதிரி ஒட்டினார்.

"ஆறு அவங்களுது. இது உன்னுது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எனக்காகப் பேச வந்தவர் என்று நினைத்தால் இப்படிச் செய்கிறாரே என்று, அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மனுவை அவர்தான் எழுதினார். நான், ஏழை எளியவள், தங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அடியே, கூத்தா கட்டப் போறோம்?" என்று அதையெல்லாம் விட்டுவிட்டார். இன்ன இன்ன இடத்தில் தப்பு இருக்கிறது, பள்ளி நடக்கிற ஒரு நாளில் குழந்தையைத் திரும்பப் பார்க்க வேண்டும், மாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அவ்வளவுதான். கடைசியில், தாய் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது தவறு என்று ஒரு வரி. அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நம்ம தப்ப நாமளே மொதல்ல சொல்லிட்டா, அதப் புடிச்சிக்கினு அவங்க தொங்க முடியாது" என்றார்.

வட்டார அலுவலகத்தில் இருந்த கிளார்க், "லிஸ்ட் மேல போயாச்சும்மா. இதுக்கெல்லாம் மனு வாங்கறதில்ல" என்றார். நான் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டேன். அக்கா கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "சரி சார். வாங்கறதில்லன்னு இதுலயே எழுதி, ஒரு சீலு போட்டுக் குடுத்துடுங்க, போய்ட்றோம்" என்றார். சூப்பர்வைசர் பேனாவைத் திரும்பப் பையில் வைத்த அந்த நாள் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிளார்க் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மனுவை வாங்கி, பெற்றுக்கொண்டதாக எங்கள் நகலில் சீல் போட்டுக் கொடுத்தார். மூன்று வாரம் பதில் வராமல் போக, திங்கட்கிழமை குறைகேட்பு நாளில் கலெக்டர் அலுவலகம் போனோம். என் அம்மாவுக்கு அன்று உடம்பு முடியாததால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வரிசையில் நின்றபோது, மனு எழுதுகிற வரை ஒருநாள்கூட லீவு எடுக்காத அக்கா எனக்காக இரண்டாவது லீவு போட்டிருக்கிறாரே என்று தாங்காமல், "எனக்காக ஏன்க்கா இவ்ளோ அலையறீங்க?" என்று கேட்டேன். "ஒனக்காக எவ வந்தா? அந்தப் பேப்பரப் பார்க்க சகிக்கல" என்றார். சொல்லிவிட்டு, பாப்பா சாய்ந்துகொள்ள வசதியாகத் தன் இடுப்பை அவள் பக்கம் நகர்த்திக்கொடுத்தார்.

பத்து நாளில் மறுபரிசீலனை என்று கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி, ஒரு டாக்டர், அந்தச் சிறப்பு டீச்சர். பெற்றோர் மட்டும் உள்ளே வரலாம் என்று வாசலிலேயே அக்காவை நிறுத்திவிட்டார்கள். அக்கா என் முதுகில் கை வைத்து, தள்ளவும் இல்லாமல் தடவவும் இல்லாமல், அப்பரைத் தொடுகிற மாதிரி ஒருமுறை தொட்டார். உள்ளே போனேன். அதிகாரி ஃபைலைத் திறந்து, சரியான குழந்தைதானா என்று பார்ப்பதற்காகப் பாப்பாவின் பேரை இனிஷியலோடு சத்தமாக வாசித்தார். என்னைப் பார்த்துத்தான் வாசித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் அவள் தலை நிமிர்வது தெரிந்தது. டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். சிறப்பு டீச்சர் கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

"உள்… ளேன்… ஐயா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டதெல்லாம் என்னைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்துத்தான். பேர் எழுதச் சொன்னார், கோணலாக எழுதினாள். எந்த வகுப்பு என்றார். மூன்று விரலைக் காட்டினாள். எல்லாம் முடிந்து புதுப் படிவத்தை என் பக்கம் திருப்பி, கீழே விரல் வைத்தார். நான் பேனாவை எடுத்தேன். எடுத்தவள் காகிதத்தின் மேல்வரிக்குப் போனேன். எட்டாவது படித்தவளுக்கு அந்தத் தமிழ் லேசில் புரியவில்லை. சில வரியை இரண்டு முறை, மூன்று முறை படித்தேன். "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு, போடுங்க" என்றார் அதிகாரி. "படிச்சிட்டுப் போட்றேன் சார்" என்றது என் குரல்தான். வெளியே அடுத்த ஆளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கத்தில் வகுப்பு: இரண்டு என்று இருந்தது. "சார், மூணாவது" என்றேன். அவர் அடித்து, திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் நான் போட்டேன்.

வெளியே வந்தபோது அக்கா, "இன்னாடி இவ்ளோ நேரம்?" என்று கோபமாகக் கேட்டார். "படிச்சேன்க்கா" என்றேன். அவர் என் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை வாங்கி, பழைய ஜெராக்ஸை உருவி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஏழாவது அம்பை நகத்தால் மெதுவாக உரித்தார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முன்னால் நடந்தார்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாப்பா மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். டீச்சர் பழையபடி வந்தார். கை வைத்த நாற்காலிக்கு ஒரு வருஷம் ஆனது. சாய்தளம் போடுவதற்குள் அவள் அந்தப் பள்ளியையே முடித்துவிட்டாள். இப்போது பத்தாவது. நான் நின்ற வகுப்பைத் தாண்டி இரண்டு வருஷம். அக்கா இப்போது கம்பெனியில் இல்லை. சர்க்கரை கண்ணில் இறங்கி, டியூப்லைட்டுக்குக் கீழே அவருக்குத் தையல் தெரியாமல் போனது. ஒரு நாள் தானே சூப்பர்வைசரிடம் போய், நான் பார்க்கிறது இனி சரியாக இருக்காது சார் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், தன் மேல் தானே ஒட்டிக்கொண்ட அம்பு அது. சோளிங்கரில் தங்கை வீட்டில் இருக்கிறார். போகும்போது மீதியிருந்த ஸ்டிக்கர் அட்டை ஒன்றைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வாரம் வந்த கடிதம் பரீட்சை பற்றியது. பாப்பா சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத அனுமதி கேட்டிருந்தோம். அவள் கை வேகத்துக்கு மூன்று மணி நேரத்தில் இரண்டு பக்கம்தான் வரும். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அக்கா சர்ச்சிலிருந்து வந்திருப்பார் என்று பார்த்து ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அனுமதி பரிந்துரைக்கப்படவில்லை என்ற இடத்தில், "நிறுத்து. திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"காரணம்?"

"காரணம் போடலக்கா."

"அப்புறம் இன்னா எனக்கு ஃபோன் போட்டுக்கினு ஒக்காந்திருக்க? கெளம்பு."

நான் ஆரம்பித்தேன். பரீட்சை வருஷம் அக்கா, பகைத்துக்கொண்டால் அவள் பேப்பரை யாராவது ஏதாவது செய்துவிட்டால், லீவு கேட்டால் கம்பெனியில் ஏதாவது சொன்னால் என்று. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கர் அட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். ஓர் அம்பை உரிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் புலம்பி முடிக்கிற வரை ஆனது. உரித்து, எட்டி, என் தோளில் புடவை மேல் ஒட்டினாள். "ரி… ஜெக்ட்" என்றாள்.

"காரணம் சொல்லாம ரிஜெக்ட் பண்ணக் கூடாது, தெரியுமில்ல?" என்றேன்.

காத்திருந்தேன். ஃபோனில் அக்காவும் காத்திருந்தார்.

"ப… யம்."

சோளிங்கரிலிருந்து அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது.

இன்று திங்கட்கிழமை. விடிகாலையில் எழுந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. மனு பைக்குள் இருக்கிறது, பழைய ஜெராக்ஸுக்கு மேலே. நேற்றுக் கட்டிய புடவையைத்தான் இன்றும் கட்டியிருக்கிறேன், அம்பு தோளிலேயே இருக்கிறது. காஸை மூடினேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஒட்டின கைதான் உரிக்க வேண்டும். சாயங்காலம் சீல் வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் தோளைக் காட்ட வேண்டும்.